மாமாவின் மிசினா, மருமகனின் கையா?

லேத் மிசினை யாராவது சீதனமாகக் கொடுப்பார்களா என்று மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். கொடுப்பார்கள், அம்மா. வீரகத்தியர் கொடுத்தார். கிளிநொச்சியில் வயற்காணி கொடுத்தவர்கள் உண்டு, உழவு மிசின் கொடுத்தவர்களும் உண்டு. வீரகத்தியரிடம் இருந்தது ஒரே மகள், இரும்பு கடைகிற ஒரே மிசின். இரண்டையும் ஆவணி மாதம் யோகநாதனிடம் ஒப்படைத்தார். மகளை ஒப்படைத்த அளவுக்கு மிசினை அவருடைய மனம் ஒப்படைக்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் இத்தனை கிழமையாக எழுதிக்கொண்டு வருகிறேன்.

முல்லைத்தீவு மரியநேசன் இரண்டாவது தண்டையும் திருப்பிக் கொண்டுவந்து பட்டறை மேசையில் கிடத்தியதோடு போன கிழமை நிறுத்தியிருந்தேன். அது அவருடைய படகின் தண்டு. எஞ்சினுக்கும், பின்னால் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறிக்கும் நடுவே போவது. படகின் பலகையைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில், கடல் உள்ளே வராமல் இருக்கக் கொழுப்புப் பூசிய கயிற்றை அதைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். தண்டு வழுவழுப்பாக இருந்தால் கயிறு வருசக்கணக்கில் கிடக்கும்.

யோகநாதன் கடைந்து கொடுத்த தண்டு வரி வரியாக இருந்தது. மூன்றே நாளில் கயிற்றைத் தின்றுவிட்டது. மரியநேசனின் ஆட்கள் வலை இழுத்த நேரத்தைவிடத் தண்ணீர் இறைத்த நேரம் கூட.

“வியாழக்கிழமை மூண்டு மணி பஸ்ஸிலை வருவன்,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அவர். “அதுக்குள்ளை சரிவராட்டில் தண்டை யாழ்ப்பாணம் கொண்டு போறன். குறை நினையாதையுங்கோ.”

இன்றைக்கு வியாழக்கிழமை.

*

காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு யோகநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மனைவி சிவனேஸ்வரியிடம் நீட்டினான். முத்திரைகூட ஒட்டியாயிற்று.

“இஞ்சரும், இதை வைச்சிரும்.”

“ஆருக்குக் கடிதம்?”

“திருகோணமலைக் கொம்பனிக்கு. வேலைக்கு வாறன் எண்டு எழுதியிருக்கிறன்.”

அங்கே வேலை கிடைத்தது சிவனேஸ்வரிக்குத் தெரியும். பதில் எழுதுவான் என்று அவள் நினைக்கவில்லை.

“இண்டைக்குத் தண்டு சரிவந்தால் கிழிச்சு அடுப்பிலை போடும்,” என்றான் யோகநாதன். “சரிவராட்டில் நாளைக்குத் தபாலிலை போடும். கைதான் பிழை, கைதான் பிழை எண்டு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உம்மடை ஐயாவின்ரை வளவுக்குள்ளை என்னாலை இருக்க ஏலாது.”

“அப்ப நான்?”

“நீரும் வரலாம். இஞ்சை நிக்கிறதெண்டாலும் நிக்கலாம். அது உம்மடை விருப்பம்.”

சொல்லிவிட்டு மனுசன் பட்டறைக்கு இறங்கிப் போய்விட்டான். விருப்பமாம். கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் தாய் தகப்பனை விட்டுப் போவது ஒரு விருப்பம், புருசனை அனுப்பிவிட்டுத் தனியே இருப்பது இன்னொரு விருப்பம். நல்ல விருப்பம்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. குசினித் தட்டில் சீனி வைக்கிற தகரப் பேணிக்குக் கீழே உறையைச் செருகி வைத்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள்.

பட்டறையில் அவளுக்கு வேலை இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து மாமனும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. மிசினின் இரண்டு அந்தத்திலும் நின்றுகொண்டு, நடுவில் நிற்கிற சிவனேஸ்வரியோடு கதைப்பார்கள். பெண்பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று இருபத்திரண்டு வயது வரைக்கும் அவளை வாசலில் மறித்த வீரகத்தியர், இப்போது அவள் இல்லாமல் ஒரு சொல் சொல்ல முடியாமல் நின்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா.

“பிள்ளை, உளியின்ரை கூர் மொட்டையாக் கிடக்கெண்டு சொல்லு,” என்று தொடங்கினார் வீரகத்தியர். “நான் தீட்டித் தாறன்.”

“இஞ்சருங்கோ...”

“கேட்டது,” என்றான் யோகநாதன். “தீட்டட்டும் எண்டு சொல்லும்.”

வீரகத்தியர் கடைசல் உளியைச் சாணைக்கல்லில் பிடித்து அரை மணித்தியாலம் தீட்டினார். தீட்டி முடிந்ததும் விரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். நகம் சீவிக்கொண்டு வந்தது.

மரியநேசனின் தண்டில் உளியை வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. ஏனென்றால் அதில் இன்னும் ஒரேயொரு சீவல்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் தண்டு மெலிந்து எஞ்சினுக்குப் பொருந்தாது. முதல் தண்டு அப்படித்தான் வீணாய்ப் போனது. ஆகவே பரீட்சை எல்லாம் ஓர் உழவு மிசினின் உடைந்த அச்சில். அந்த அச்சைப் பூட்டி, எஞ்சினை முடுக்கி, உளியை மெல்ல ஓடவிட்டார்கள். சுருள் சுருளாக இரும்பு கழன்று விழுந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் அதே வரிகள்.

யோகநாதன் கையிலிருந்த துணியை மேசையில் எறிந்தான்.

“பிழை உளியிலை இல்லையெண்டு தெரிஞ்சுபோச்சு,” என்றான். “மிசின்ரை பேரிங் தேஞ்சுபோய்க் கிடக்கு எண்டு ஐயாவிட்டைச் சொல்லும்.”

வீரகத்தியருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். உலகச் சண்டை முடிஞ்ச கையோடை ஏலத்திலை எடுத்த மிசின் இது. பதினெட்டு வருசமா நான் கடைஞ்ச தண்டுகளிலை முகம் பாத்துச் சவரம் செய்யலாம். தானம் தந்த மாட்டை ஆரும் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறேல்லை எண்டு சொல்லு, பிள்ளை.”

“தானமோ?” என்றான் யோகநாதன் அவளைப் பார்த்து. “சீதனம் எண்டல்லோ எனக்குச் சொன்னவை.”

சிவனேஸ்வரி இரண்டையும் யாருக்கும் சொல்லவில்லை. “பேரிங்கை ஒருக்கா இறுக்கிப் பாத்தால் என்ன?” என்று மட்டும் கேட்டாள்.

மிசினின் சுழலுகிற பாகத்தைத் தாங்குகிற அந்தப் பேரிங்கை இறுக்கினார்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிசத்தில் பேரிங் கை வைக்க முடியாமல் சுட்டது. சுடுகிற அளவுக்கு இறுக்கியும் அச்சில் வரி குறையவில்லை. இப்போது சிரிப்பது வீரகத்தியரின் முறை. மீசைக்குள் சிரித்தார். இறுக்கியதைக் கொஞ்சம் தளர்த்தி விட்டார்கள்.

பிறகு எஞ்சினிலிருந்து மிசினுக்கு வருகிற தோல் பெல்ற்றைப் பார்த்தார்கள். தைத்த இடம் தடித்துப்போய், சில்லில் ஏறுகிற ஒவ்வொரு முறையும் டொக் டொக் என்றது. அதைப் பிரித்து வாரை மெல்லிசாகச் சீவித் திரும்பத் தைத்தார் வீரகத்தியர். டொக் போனது. வரி போகவில்லை. புதுக் கொட்டகையின் சீமெந்து நிலம் ஆடுகிறதோ என்று யோகநாதன் ஒரு கோப்பைத் தண்ணீரை மிசினின் மேல் வைத்து ஓடவிட்டான். தண்ணீர் பேசாமல் கிடந்தது.

பதினொன்றரைக்குத் தபால்காரர் அப்புத்துரையின் சைக்கிள் மணி கேட்டது. இந்த வளவில் ஒரு செம்பு மோர் குடிக்காமல் அவர் தாண்டுவதில்லை. தாய் இலட்சுமி குசினியிலிருந்து மோரோடு படலைக்குப் போவதைச் சிவனேஸ்வரி கண்டாள். கண்டதோடு சரி, அவளுடைய யோசனை எல்லாம் மூன்று மணி பஸ்ஸில் இருந்தது.

*

ஆண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். உளி இல்லை, பேரிங் இல்லை, பெல்ற் இல்லை, நிலமும் இல்லை. இனி மிச்சம் இருப்பது கைதான் என்று வீரகத்தியர் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கே பயம் பிடித்துவிட்டது.

“பிள்ளை, அந்தத் தண்டிலை உப்புக்காத்துப் பட்டுக் கறள் பிடிக்குது. எண்ணெய்த் துணியாலை ஒருக்காத் துடைச்சு வை,” என்றார்.

சிவனேஸ்வரி மேசையில் கிடந்த தண்டைத் துடைத்தாள். ஓர் அந்தத்தில் வரிகள் துணியைப் பிய்த்தன. துடைத்துக்கொண்டு போகப் போகக் குறைந்தன. மற்ற அந்தத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது துணி வழுக்கிக்கொண்டு போனது. அவள் துணியைப் போட்டுவிட்டு வெறும் கையால் தடவிப் பார்த்தாள். அதேதான்.

“ஐயா, இந்தக் கரடான அந்தம் மிசினிலை எந்தப் பக்கம் இருந்தது?”

“சக் பக்கம்,” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கடைகிற இரும்பை நாலு தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு சுழல்கிற கனமான வட்டுத்தான் சக். மிசினின் கழுத்தில் ஆணி திருகுவதுபோலத் திருகி மாட்டியிருப்பார்கள்.

யோகநாதன் எழும்பி வந்து தண்டைத் தடவினான். வீரகத்தியரும் வந்து தடவினார். இரண்டு கையும் ஒரே தண்டில் இருந்தன.

“உளி பிழையெண்டால் ரெண்டு அந்தமும் ஒரே மாதிரிக் கிடக்க வேணும்,” என்றான் யோகநாதன். யாரிடம் சொல்கிறான் என்று அவன் பார்க்கவில்லை. ஒரு நீட்டுக் கம்பியை எடுத்துச் சக்குக்குக் கீழே கொடுத்து மெல்ல நெம்பினான். கழுத்து அசையவில்லை. சக் மட்டும் ஒரு மயிரிழை எழும்பி இருந்தது.

“சக் ஆடுது.”

“அது ஆடாது,” என்றார் வீரகத்தியர். “திருகி இறுக்கினது நான்.”

“எப்ப?”

“மிசினை இந்தக் கொட்டகைக்குக் கொண்டுவந்த அண்டைக்கு. அதுக்குப் பிறகு அதிலை ஆரும் கை வைக்கேல்லை. அதுக்குப் பிழை வர நியாயமில்லை.”

சிவனேஸ்வரிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

கலியாணம் முடிந்த நாலாம் நாள், நல்ல நேரம் பார்த்து, பின்வளவுக் கொட்டிலிலிருந்து மிசினை இங்கே மாற்றினார்கள். கனம் குறையட்டும் என்று சக்கைக் கழற்றி வைத்துவிட்டு எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். இறக்கி வைத்ததும் இலட்சுமி சந்தனக் கிண்ணத்தை மகளிடம் கொடுத்து, பொட்டு வை என்றாள். கூறைச்சேலையோடு நின்ற பிள்ளைக்கு மிசினில் எது நெற்றி, எது முதுகு என்று என்ன தெரியும்? சக் மாட்டுகிற கழுத்து அன்றைக்கு மினுக்கென்று துடைத்துக் கிடந்தது. இதுதானாக்கும் நெற்றி என்று அதில் வைத்தாள். கஞ்சத்தனமில்லாமல் நல்ல தடிப்பாகவே வைத்தாள். பொம்பிளை மாப்பிள்ளைக்குப் போடுவதுபோல வந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் அதன்மேல் அறுகம்புல் கலந்த அறுகரிசி போட்டார்கள்.

அவள் வாய் திறக்காமல் விட்டிருக்கலாம். ஐயா தான் இறுக்கிய சக்கைத் தானாகக் கழற்றமாட்டார். மூன்று மணி பஸ் வரும், தண்டு யாழ்ப்பாணம் போகும், சீனிப் பேணிக்குக் கீழே கிடப்பது தபாலுக்குப் போகும்.

“ஐயா, கழட்டிப் பாருங்கோ,” என்றாள். “உள்ளுக்கை சந்தனம் கிடக்கும். நான்தான் வைச்சனான்.”

“சந்தனமோ?” என்றான் யோகநாதன்.

“அறுகரிசியும்.”

சோறு போட்டிருக்கு என்று சொல்ல வந்த இலட்சுமி வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டாள். “என்ன கதை இது? கலியாணத்துக்கு வைச்ச பொட்டைத் துடைக்கப் போறியளோ? இன்னும் ஆண்டு திரும்பேல்லை,” என்றாள்.

யோகநாதன் சக்கை விட்டு நிமிர்ந்தான். நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மாமனாரை நேரே பார்த்தான்.

“மாமா, சக்கைத் திருக முந்திக் கழுத்தைத் துடைக்கேல்லையோ?”

பட்டறைக்கு வந்த முதல் நாளே எவனுக்கும் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஒரு தூசி இருந்தாலும் சக் ஒழுங்காய் இருக்காது. வீரகத்தியர் எத்தனை பேருக்கு அதைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்தவர். அவர் வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“துடைக்கத்தான் துணி எடுத்தனான்,” என்றார். “பிள்ளை வைச்ச பொட்டு. அதுக்கு மேலை இவ்வளவு சனமும் வாழ்த்திப் போட்ட அறுகரிசி. என்ரை கையாலை எப்பிடித் துடைக்கிறது? துணியை மடியிலை செருகிப்போட்டுத் திருகிவிட்டன். பிறகு ஒருக்காக் கழட்டித் துடைப்பம் எண்டுதான் நினைச்சனான்.”

“பிறகு?”

“மறந்துபோனன், தம்பி. சத்தியமா மறந்துபோனன். உம்மடை கையிலை பிழையில்லை.”

இரண்டு மாதமாக யோகநாதன் கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். பெரிய சாவியை எடுத்துச் சக்கில் மாட்டினான்.

“ஒரு கை பிடியுங்கோ, மாமா. இறுகிப்போய்க் கிடக்கு.”

இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். மூன்றாம் தடவை சக் கீச்சென்று விட்டுக் கொடுத்தது. கழற்றி எடுத்தபோது கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், காய்ந்து கல்லாகிப்போன மஞ்சள் தகடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதற்குள் நசுங்கிய அரிசி சுண்ணாம்பு மாதிரி. வாடிக் கறுத்த அறுகம்புல் ஒன்றும் இருந்தது. இரண்டு மாதமாகச் சக் கழுத்தில் முழுதாகப் பொருந்தாமல், அந்தத் தகட்டின் மேல் சரிந்துகொண்டு சுழன்றிருக்கிறது. உளி பட்டபோதெல்லாம் நடுங்கியிருக்கிறது. வண்டில் கடையாணியும் உழவு மிசின் ஆணியும் கடைந்த வரைக்கும் அந்த நடுக்கத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. வழுவழுப்புக் கேட்டு வந்த முதல் ஆள் மரியநேசன்தான்.

யோகநாதன் துணியை எடுத்தான். இலட்சுமி அவனைத் தடுத்தாள். குசினிக்குப் போய் ஒரு வெற்றிலை கொண்டுவந்து, தன் கையாலேயே தகட்டைச் சுரண்டி அதில் எடுத்தாள். ஒரு பருக்கை கீழே விழ விடவில்லை. கிணற்றடிச் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே கால் படாத இடத்தில் அதைப் போட்டுவிட்டு வந்தாள்.

“இனித் துடையுங்கோ, தம்பி,” என்றாள். “பொட்டை நான் பிறகு வேறை இடத்திலை வைக்கிறன். எங்கை வைக்கலாம் எண்டு நீங்களே காட்டுங்கோ.”

*

அன்றைக்குச் சோறு ஆறித்தான் போனது. ஒருவரும் சாப்பிடவில்லை.

சக்கைத் திரும்பப் பூட்டி உழவு மிசின் அச்சில் உளியை ஓடவிட்டார்கள். சிவனேஸ்வரிதான் முதலில் தடவிப் பார்த்தாள். பிறகு தகப்பனின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

மரியநேசன் வந்து சேர்ந்தபோது அவருடைய தண்டு மிசினில் ஏறியிருந்தது. மிச்சமிருந்த அந்த ஒரு சீவல். யோகநாதன் உளியை வைத்துவிட்டு மாமனாரைப் பார்த்தான். வீரகத்தியர் சக் பக்கத்திலிருந்து இரண்டு அடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய தூரம்.

சீவல் முடிய இருபது நிமிசம் பிடித்தது. எஞ்சினை நிறுத்தினார்கள்.

மரியநேசன் பெருவிரல் நகத்தைத் தண்டின் ஓர் அந்தத்தில் வைத்து மற்ற அந்தம் வரைக்கும் இழுத்தார். கிழிந்த வலையைப் பொத்திப் பொத்தித் தடித்துப்போன நகம் அது. எங்கேயும் தடக்கவில்லை. திருப்பி இழுத்தார்.

“முந்தினது அலை அடிச்சுப் போன மணல்,” என்றார். “இது சிப்பியின்ரை உள்பக்கம். ஆரின்ரை பிழை, அண்ணை?”

வீரகத்தியர் மருமகனைப் பார்த்தார்.

“வீட்டுப் பிழை,” என்றான் யோகநாதன்.

மரியநேசன் விடுகிற ஆள் இல்லை. கேட்டுக் கேட்டு முழுக்கதையையும் எடுத்துவிட்டார். சிரிக்கவுமில்லை. “எங்கடை பக்கம் புதுப் படகு இறக்கேக்கை மாதா கோயில் சுவாமியார் தீர்த்தம் தெளிப்பார்,” என்றார். “தண்ணி எண்டபடியால் அது காய்ஞ்சுபோகும்.” பிறகு தண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, “மீன்பிடிச் சங்கத்திலை இன்னும் நாலு படகு நிக்குது, அண்ணை. நாலுக்கும் தண்டு வேணும். எப்ப தருவியள்?” என்று கேட்டார்.

“என்னைக் கேளாதையும்,” என்றார் வீரகத்தியர். “தம்பியைக் கேளும். மிசின் அவரின்ரை.”

சிவனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவணியில் எட்டுப் பேர் தூக்கிவந்த மிசின் ஐப்பசியில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கலங்கிய கண்ணை இரண்டு பேருக்கும் காட்டாமல் அவள் விறுவிறுவென்று குசினிக்கு நடந்தாள். அடுப்பில் நெருப்பு நன்றாக இருந்தது. சீனிப் பேணியைத் தூக்கினாள்.

கீழே ஒன்றுமில்லை.

பக்கத்து டப்பாக்களைத் தூக்கினாள். தட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள்.

“அம்மா, இதுக்குக் கீழை ஒரு கடிதம் கிடந்தது.”

“ஓம், கிடந்தது,” என்றாள் இலட்சுமி, கறியைச் சூடாக்கிக்கொண்டே. “முத்திரையும் ஒட்டி வைச்சிட்டு மறந்துபோனாய். அப்புத்துரையிட்டைக் குடுத்துவிட்டன்.”

“எப்ப?”

“அந்தாள் மோர் குடிக்கேக்கை.” இலட்சுமி அகப்பையை வைத்துவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தாள். “கலியாணம் முடிச்ச பிறகு மாப்பிள்ளை போடுற முதல் கடிதமல்லோ. மூலையிலை ஒரு சந்தனப் பொட்டும் வைச்சுத்தான் குடுத்தனான். என்ன காரியமெண்டாலும் நல்லபடியா முடியட்டும்.”

வெளியே கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. வீரகத்தியர் என்னவோ சொன்னார், யோகநாதன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இந்த வளவில் அவள் இதற்கு முன் கேட்டதில்லை.

“இஞ்சரும்,” என்று அவன் கூப்பிட்டான். “அந்தக் கடிதத்தைக் கிழிச்சிட்டீரோ?”

சிவனேஸ்வரி சீனிப் பேணியை இருந்த இடத்தில் வைத்தாள். மூடி வைத்தால் என்ன நடக்கும் என்பதை அவள் இன்றைக்குப் பகல் முழுக்கப் பார்த்திருக்கிறாள்.

“கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ,” என்றாள். “சொல்லுறன்.”